நிரைக்கு நிரை போன பாடம்

பகவதி டீச்சர் இறந்த செய்தி எனக்குத் தந்தியில் வந்தது. எங்கள் எஸ்டேட் ஆபீசுக்கு வரும் தந்திகள் துரைக்கு வருபவை. தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள் பெயருக்கு ஒன்று வந்ததால் ஆபீஸ் கிளார்க் ஆள் அனுப்பாமல் தானே மலைச்சரிவு ஏறி வந்தார். "முத்துப்பேச்சி ஆரா?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். தாள் இங்கிலீஷில் இருந்தது. அவர் ஒருமுறை மனதுக்குள் படித்துவிட்டு, "பாலக்காட்டெ டீச்சர் மரிச்சுபோயி, மோளே" என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். முந்தின நாளே எல்லாம் முடிந்திருந்தது. நெஞ்சுவலி என்று பிறகு தெரிந்தது. அவருக்கு நாற்பத்திரண்டு வயது.

நான் அன்று வேலையை விட்டு இறங்கவில்லை. எங்கே போவது என்று தெரியாததால் தேயிலை நிரையிலேயே நின்றுவிட்டேன். சாயங்காலம் என் கூடை மற்ற நாட்களைவிட நிறைந்திருந்தது என்று அம்மா சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து அவருடைய கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. ஆசிரியப் பயிற்சி பெறுகிறவர்களும் உடன் வேலை பார்த்தவர்களும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுவதாகவும், டீச்சரின் ஆய்வில் என் பெயர் இருப்பதால் நானும் எழுத வேண்டும் என்றும் இருந்தது. நான் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. அப்போது தங்கச்சி பிறந்திருந்தாள், வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. அதைச் சாக்காக வைத்து நின்றுவிட்டேன். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். அதனால் எழுதுகிறேன். உங்களுக்கு அவரை வகுப்பறையில் தெரியும். எனக்கு அவரை மழையில்தான் தெரியும்.

அவர் முதன்முதலில் எங்கள் லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வந்த நாளில் பெண்கள் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஜீப்பிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், கையில் பெட்டியும் நோட்டுமாக இறங்கினால் அந்த வருஷங்களில் நாங்கள் வேறு என்ன நினைப்போம்? "ஏட்டி, குடும்பக் கட்டுப்பாட்டுக்காரி வந்துட்டா, உள்ள போங்க" என்று பூவம்மா மதினி குரல் கொடுத்தாள். பூவம்மா மதினி எங்கள் அடுத்த வீடு. லயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான். வெளியே நின்றது நான் மட்டும். உள்ளே ஓடக்கூட எனக்குக் கூச்சம்.

டீச்சர் சாத்திய கதவுகளைப் பார்த்துச் சிரித்தார். "நான் ஆரையும் எங்கேயும் அழைச்சுண்டு போக வரலை, கேட்டேளா. பாட்டுப் பெட்டி கொண்டுவந்திருக்கேன்" என்று உரக்கச் சொன்னார். அவர் பேசியது பாலக்காட்டுக் கல்பாத்தித் தமிழ் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. மதினி கதவை ஒரு விரல் அளவு திறந்தாள்.

"பாட்டுப் பெட்டின்னா சும்மாவா கேக்கணும்? பின்னால ஊசி கீசி உண்டா?"

"உங்க குரலை எடுத்து உங்களுக்கே திருப்பிக் கொடுக்கும். அவ்வளவுதான்."

"ஏ டீச்சர், நான் பேசுதத ஒருக்கா கேக்கதுக்கே எங்க வீட்டு ஆளுக்குப் பொறுக்கல. ரெண்டாவதும் வேறயா?" என்று சொல்லிக்கொண்டே மதினி வெளியே வந்துவிட்டாள். அதன்பின் எல்லாக் கதவும் திறந்தன.

இதற்கு முன்னால் டீச்சர் பாலக்காட்டுக்குக் கிழக்கே உள்ள கிராமங்களில் வானொலி கேட்கும் விவசாயிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்திருந்தார். அதைப் பற்றி அவர் அடிக்கடி ஒன்று சொல்வார். ஒரு வயசாளி ரேடியோவில் உர நிகழ்ச்சி முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏனுங்க டீச்சர், அந்தப் பெட்டி சொல்றது நமக்குக் கேக்குது. நாம சொல்றது அந்தப் பெட்டிக்குக் கேக்குமாங்க?" என்றாராம். "அன்னைக்கு நேக்கு வாய் அடைச்சுப் போச்சு. அந்த ஒரு கேள்விக்கு பதில் தேடித்தான் இந்த மலை ஏறினேன்" என்பார். யந்திரத்தின் மூலம் ஒருவர் கற்பதும், கற்றவர்கள் ஒருவரோடு ஒருவர் சேர்வதும்தான் கடைசிவரை அவருடைய ஆராய்ச்சியாக இருந்தது. அந்த நாளில் அதைச் சொன்னால் பலர் சிரித்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

எங்கள் எஸ்டேட்டில் அவர் போட்ட திட்டம் இதுதான். ஆறு லயங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சரிவில். மூன்று லயங்களில் உள்ள, பள்ளிக்கூடத்தை விட்ட பெண்கள் டேப்பில் பாடம் கேட்க வேண்டும். மற்ற மூன்று லயங்களில் உள்ளவர்கள் கேட்கக் கூடாது. ஆறு மாதம் கழித்து எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும். டேப் கேட்டவர்கள் அதிகம் சொன்னால், வகுப்பறை இல்லாமலும் குரல் வழியாகப் படிக்க முடியும் என்று காட்டிவிடலாம். பாடங்கள் எல்லாம் அவருடைய குரலில்தான். மூடுபனி எங்கிருந்து வருகிறது, தெர்மாமீட்டரை எப்படிப் பார்ப்பது, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் எப்படிக் கலப்பது, எடுத்த கொழுந்து கப்பலேறி எங்கே போகிறது.

பெட்டியை மூன்று லயத்துக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோக ஒரு ஆள் வேண்டும். பேசத் தெரிந்த பெண்கள் நிறையப் பேர் இருக்க, அவர் என்னைக் கேட்டார். மதினிக்குப் பொறுக்கவில்லை. "இவ பேருலதான் பேச்சி இருக்கு டீச்சர், வாயில இல்ல" என்றாள்.

"அதான் நேக்கு வேணும்" என்றார் டீச்சர். "பாடம் மத்த லயத்துக்குப் போகப்படாது. இவள் வெளியிலே சொல்லமாட்டாள்."

யாரும் என்னை எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. என் வாய் பேசாததற்காக ஒரு வேலை கிடைத்ததில் எனக்கு அவ்வளவு பெருமை. பெட்டியைத் துண்டில் சுற்றி, குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு சரிவுகளில் இறங்கி ஏறினேன். பேட்டரி நனையாமல் இருக்க என் கம்பளியைப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு நான் நனைந்தேன்.

ஆனால் நிரை என்று ஒன்று இருக்கிறது. தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும். தேயிலைச் செடிகளின் வரிசைதான் நிரை. காலையில் பெயர் கூப்பிட்டதும் சூப்பர்வைசர் ஆளுக்கு ஒரு நிரை கொடுப்பார். எந்த லயம் என்று பார்க்க மாட்டார், வந்து நின்ற வரிசைப்படி கொடுப்பார். தூங்குவது ஆறு லயத்தில் என்றாலும், பகல் முழுக்க எல்லாரும் கலந்துதான் நிற்போம். இரண்டு கைகளும் செடியில் இருக்கும், வாய் சும்மா இருக்கும். இந்த நிரையில் சொன்ன பேச்சு அடுத்த நிரைக்குப் போய், மத்தியானத்துக்குள் மலையின் அந்தப் பக்கம் இறங்கிவிடும். எங்களுக்கு இது காற்று மாதிரி, யாரும் கவனிப்பதில்லை. டீச்சர் வீடுகளைப் பார்த்துத் திட்டம் போட்டார். நிரையைப் பார்க்கவில்லை. எங்களில் யாரும் அதைச் சொல்லவுமில்லை.

ஒருநாள் என் பக்கத்து நிரையில், டேப் கேட்காத மேல் லயத்துச் சண்முகத்தாய் நின்றாள். பனி இறங்கி எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை. "இந்தச் சனியன் எங்கேருந்துதான் வருதோ" என்று அவள் சலித்துக்கொண்டாள். எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் கேட்டிருந்தேன். பனியில் அவள் முகம் தெரியாததாலோ என்னவோ, எனக்குக் குரல் வந்தது. சொன்னேன். அவள் கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டு, "பொறவு?" என்றாள். என் வாயைப் பார்த்து ஒருவர் "பொறவு?" என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் தெர்மாமீட்டரைச் சொன்னேன். மறுவாரம் மற்ற லயத்துப் பெண்கள் என் பக்கத்து நிரைக்காக முன்கூட்டியே வந்து நிற்க ஆரம்பித்தார்கள். டீச்சருக்குக் கொடுத்த வாக்கு எனக்கு நினைவிருந்தது. ஆனாலும் சொன்னேன். யாருக்காவது உதவவேண்டும் என்று சொன்னேன் என்று எழுதினால் அது பொய். என்னை நாலு பேர் கேட்டார்கள், அந்தச் சுகத்துக்காகத்தான் சொன்னேன்.

ஆறு மாதம் முடிந்து டீச்சர் எல்லா லயத்திலும் கேள்விகள் கேட்டு முடித்தார். பதில்களை அட்டைகளில் ஓட்டைகளாகப் போட வைத்து, மதராசில் ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பினார். அனுப்புவதற்கு முன் ஒரு அட்டையை எனக்குக் காட்டினார். நீளமான, விறைப்பான அட்டை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் சின்னச் சின்ன ஜன்னல்கள்.

"இது ஆரு தெரியுமோ? உன் மதினி."

"மதினி இதுக்குள்ளயா இருக்காக?"

"அவள் சொன்ன பதிலெல்லாம் இதுலே இருக்கு. மெஷின் இதைத் தடவிப் பாத்து வாசிக்கும்."

"சத்தம் போடுமா டீச்சர்?"

"மெஷின் போடும். மதினி போடமாட்டாள். அவள் வாயை அடைக்க ஒரு வழி கண்டுபிடிச்சாச்சு, இல்லையா?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அட்டையைச் சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். மெஷினுக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று பயமாக இருந்தது.

தெரிந்துவிட்டது. மடிப்பு மடிப்பான ஒரு தாள் திரும்பி வந்தது. டேப் கேட்ட லயங்களுக்கும் கேட்காத லயங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சில கேள்விகளில் கேட்காதவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சொல்லியிருந்தார்கள். அந்தக் கணக்குப்படி டேப்பால் ஒரு பயனும் இல்லை. டீச்சர் தேவிகுளத்தில் வாடகைக்கு ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். அந்த வாரம் அவர் எங்கள் பக்கம் வரவே இல்லை. ஜீப் டிரைவர்தான் சொன்னார்: திட்டம், பாடம், பதிவு என்று நாலு வருஷ வேலை வீணாகிவிட்டதாம், இதை விட்டுவிட்டு வேறு விஷயம் எடுக்கும்படி அவருடைய ஆய்வுப் பட்டத்துக்கு வழிகாட்டும் பேராசிரியர் எழுதிவிட்டாராம், டீச்சர் பெட்டி கட்டுகிறாராம்.

மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மழையில் தேவிகுளத்துக்கு நடந்தேன். சொல்ல வேண்டியதை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவருடைய கதவருகில் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

"என்னடி, இந்த மழையிலே? ஆருக்காவது மேலுக்கு முடியலையா?"

"நான்தான் டீச்சர் சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"பாடத்த. மத்த லயத்துக்காரங்ககிட்ட. நிரையில நின்னு. எல்லாப் பாடத்தையும்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு முகம் சிவந்தது. "நாலு வருஷம்டி!" என்றார். கையிலிருந்த தாள்களைக் கட்டிலில் வீசினார். "உன்னை நம்பித்தானே கொடுத்தேன். ஒரு வார்த்தை முன்னாடி சொல்லப்படாதா? ஊமை மாதிரி நின்னுண்டு, அத்தனையும் பண்ணியிருக்கே!" எழுந்து பின்கட்டுக்குப் போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் ஓடிவிடலாம் என்று நினைத்தேன். ஓடவில்லை. உடுப்பிலிருந்து சொட்டிய தண்ணீர் என்னைச் சுற்றித் தரையில் பரவிக்கொண்டிருந்தது.

ஒரு குடம் நிறைகிற நேரம் இருக்கும். முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஒரு துண்டை என்னிடம் கொடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பென்சிலை எடுத்தார்.

"ஆருகிட்டே மொதல்ல சொன்னே?"

"சண்முகத்தாய்கிட்ட."

"அவள் ஆருகிட்டே சொன்னா?"

"தெரியாது டீச்சர்."

"நேக்கும் தெரியாது. கேட்டுண்டு வா."

வீசிய தாள் ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டு வட்டம் போட்டார். ஒன்றில் என் பெயர், ஒன்றில் சண்முகத்தாய் பெயர். நடுவில் ஒரு கோடு. அவருடைய உண்மையான ஆராய்ச்சி அந்தக் கோட்டில்தான் தொடங்கியது என்று உங்களில் பலர் கூட்டங்களில் பேசியதாகக் கேள்விப்பட்டேன். பக்கத்தில் நின்றவள் நான்.

அதற்குப் பின் ஐந்து மாதம் ஒவ்வொரு ஆளாகக் கேட்டோம். உனக்கு இதை யார் சொன்னா? நீ யாருக்குச் சொன்ன? ஆளிடம் போய்க் கேட்கிற வேலையை அவர் என்னிடமே விட்டார். தண்டனையா என்று ஒருநாள் கேட்டேன். "தண்டனை இல்லைடி. என்கிட்டே உங்க ஆள்கள் மரியாதை பேசறா. உன்கிட்டே நெஜம் பேசறா" என்றார். மூன்றாவது மாதம் எனக்கே தெரியாமல் கூச்சம் பாதி போயிருந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

வட்டங்களும் கோடுகளும் பெருகி, நாலு தாள்களை ஒட்டிச் சுவரில் மாட்டும் அளவுக்கு ஆகிவிட்டது. பூவம்மா மதினி அதைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், இங்க கடலு எங்க கெடக்கு? மீன்வலை பின்னுதீக?" என்று கேட்டாள். "மீன் நீங்கதான். நீ பெரிய மீன்" என்று அவளுடைய வட்டத்தைக் காட்டினார் டீச்சர். மதினியின் வட்டத்திலிருந்துதான் அதிகக் கோடுகள் புறப்பட்டிருந்தன. அன்று மதினி நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தத் தாளில் ஒரு கோடு எஸ்டேட்டை விட்டே வெளியே போயிற்று. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் பாடம், சண்முகத்தாயின் அத்தை வழியாக, கம்பம்மெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போயிருந்தது. டீச்சரும் நானும் ஜீப்பில் அங்கே போனோம். முகம் தெரியாத ஒரு பெண், தன் பிள்ளைக்குக் கலந்து கொடுத்ததை எங்களுக்குச் செய்து காட்டினாள். டேப்பில் டீச்சர் டீஸ்பூன் கணக்குச் சொல்லியிருந்தார். அவளோ காய்ச்சி ஆறின ஒரு சொம்புத் தண்ணீரில் மூன்று விரலால் உப்பு எடுத்துப் போட்டாள், ஒரு கை சர்க்கரை போட்டாள். டீஸ்பூன் எங்கே என்று டீச்சர் கேட்டார்.

"அது யாரு வீட்டுல இருக்கு?" என்றாள் அவள்.

டீச்சர் தன் பையிலிருந்து டீஸ்பூனை எடுத்து அளந்து பார்த்தார். ஏறக்குறைய சரியாக இருந்தது. திரும்பி வரும்போது மலைவளைவுகளில் அவர் அந்த டீஸ்பூனைக் கையில் உருட்டிக்கொண்டே வந்தார். ஏதோ கோபம் என்று நினைத்தேன். தேவிகுளம் வந்ததும் சொன்னார்: "நான் அனுப்பினதை விட நல்லதாத் திரும்பி வந்திருக்கு. அந்தப் பெட்டிக்கு நாம சொல்றது கேக்குமான்னு கேட்டாரே ஒருத்தர், அவருக்கு இப்போ பதில் சொல்லலாம்." மறுநாளே அந்தப் பாடத்தை விரல் கணக்கில் புதிதாகப் பதிவு செய்தார். அந்தப் பதிவில் இரண்டு இடத்தில் இருமல் சத்தம் வரும். அது நான்.

ஆய்வை எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. முதலில் போட்ட திட்டம் கெட்டுப்போனதைச் சொல்ல வேண்டாம், ஆரம்பத்திலிருந்தே பேச்சு எப்படிப் பரவுகிறது என்றுதான் பார்த்தேன் என்று எழுதிவிட்டால் பட்டம் சுலபமாகக் கிடைக்கும் என்று பெரியவர் ஒருவர் அவருக்கு யோசனை சொன்னாராம். டீச்சர் அதை எங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து சொல்லிச் சிரித்தார். "கெட்டுப்போனதுதான் இதுக்குத் தலை. தலையை எடுத்துட்டு முண்டத்தைக் கொண்டுபோய் ஆருக்குக் காட்டறது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் பேரை எப்படிப் போடட்டும்? திட்டத்தைக் கெடுத்தவள்னா, பரவினதைக் கண்டுபிடிச்சவள்னா?"

மதினிதான் பதில் சொன்னாள். "ரெண்டையும் போடுங்க டீச்சர். ரெண்டும் அவதான பண்ணினா."

இரண்டையும் போட்டார். அதனால் பட்டம் ஒரு வருஷம் தாமதமாகக் கிடைத்தது. கிடைத்ததும் ஒரு பெட்டி அல்வாவோடு மலை ஏறி வந்தார். அன்று அவர் அடுத்து செய்யப்போவதைச் சொன்னார். வெளிநாட்டில் ஒரு கம்ப்யூட்டரை இன்னொன்றோடு கம்பியால் சேர்த்துவிட்டார்களாம், ஒரு மலையில் இருக்கிறவர்கள் இன்னொரு மலையில் இருக்கிறவர்களோடு சேர்ந்து படிக்கிற காலம் வருமாம். "மெஷினோட மெஷினைக் கட்டறது சின்ன வேலை, கேட்டியா. ஆளோட ஆள் எப்படிச் சேர்றான்னு இங்கே நிரையிலே பாத்தாச்சு. அதை முன்னாடியே எழுதி வெச்சுடணும்" என்றார். பாதி எழுதியிருந்ததாகக் கேள்விப்படுகிறேன். உங்களில் யாராவது அதை முடிக்க வேண்டும். நிரையில் ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் எனக்கு ஒரு கார்டு எழுதுங்கள், கேட்டுச் சொல்கிறேன்.

அவர் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாரா என்று கல்லூரிக் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். இல்லை. டேப்பில் சொன்னது எல்லாருக்கும் சொன்னது. என்னிடம் நேரில் அவர் கேள்விதான் கேட்டார். தெரியாது என்றால் "நேக்கும் தெரியாது" என்பார்.

பெட்டி கல்லூரிக்குத் திரும்பிவிட்டது, சுவரில் இருந்த தாளும் போய்விட்டது. அவருடையது என்று என்னிடம் ஒரு பொருளும் இல்லை. நான் வைத்திருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமை, "நாலு வருஷம்டி" என்பதற்கும் "ஆருகிட்டே மொதல்ல சொன்னே" என்பதற்கும் நடுவில் குழாயடியில் அவர் நின்ற நேரம். அங்கே அவர் எதை விட்டுவிட்டு வந்தார் என்று நான் கேட்டதில்லை. இப்போது வீட்டில் தங்கச்சி வளர்ந்துவிட்டாள். எதையாவது கெடுத்துவிட்டு என் முன்னால் வந்து நிற்கிறாள். எனக்கும் கோபம் வருகிறது, எழுந்து குழாயடிக்குப் போகிறேன். டீச்சரைப் போல ஒரு குடம் நிறைவதற்குள் திரும்ப எனக்கு இன்னும் வரவில்லை. மூன்று நாலு குடம் ஆகிறது. ஆனால் திரும்பி வந்துவிடுகிறேன்.